ஜலஜாவின் கோல்கொண்டா

குதிரையில் ஏறுவதற்கு முன் ஜலஜா வலது கை வளையல்களைக் கழற்றி பிரிண்டர் மேல் வைப்பார். மவுஸைச் சட்டென்று பக்கவாட்டில் இழுக்கும்போது வளையல் மேசையில் இடித்தால் வாள்வீச்சு தப்பிவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திரையைப் பார்த்து "வாங்கடா" என்பார். ஹைதராபாத்தின் அல்வாலில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்த "வாங்கடா" தெளிவாகக் கேட்கும். அதற்கப்புறம் கேட்பதெல்லாம் குளம்புச் சத்தம்.

குடிவந்த புதிதில் ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடச் சொல்லக் கீழே இறங்கினேன். கதவு திறந்தே இருந்தது. "அக்கா, மோட்டார்" என்றேன். திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார். "ரெண்டு நிமிஷம் இருங்க. ஏணி வெச்சுட்டானுங்க." கோட்டைச் சுவரில் ஏணிகள் சாய்ந்திருந்தன. அவற்றில் ஏறி வந்தவர்களை ஒவ்வொருவராகக் கீழே தள்ளிவிட்டு எழுந்து வந்து மோட்டாரைப் போட்டார். நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் முகத்தில் நன்றாகத் தூங்கி எழுந்தவரின் தெளிவு.

ஜலஜாவுக்கு வயது நாற்பத்தொன்பது. அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் டேட்டாபேஸ் பாடம் நடத்துகிறார். அறை நிறைய ஆள் இருந்தாலும் மைக் கேட்கமாட்டார். பக்கத்து அறையில் ஜாவா படிக்கிறவர்களும் பாதி டேட்டாபேஸைக் கற்றுக்கொண்டுதான் வெளியே போகிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து அல்வாலுக்கு அருகே திருமுல்கேரியில் ராணுவப் பணிமனை ஒன்றில் வேலைக்கு வந்தவர். ஜலஜா பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். அதனால் அவருடைய வேலூர்த் தமிழில், வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் இயல்பாகக் கலந்திருக்கும். கணவர் ஜெயச்சந்திரன் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையது. மகள் ஹம்ஸினி கல்லூரியில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள்.

ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் ஹம்ஸினிதான். சேடில்பார்ன் என்று பெயர். குதிரையும் வாளும் கோட்டைகளும் உள்ள பழைய காலத்து உலகம். இப்படித்தான் போகவேண்டும் என்று கதை எதுவும் கிடையாது. தொடங்கும்போது ஒரு குதிரையும் துருப்பிடித்த வாளும் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், படை திரட்டி ராஜாவாகலாம். சாண்ட்பாக்ஸ் என்பார்கள் இந்த வகையை. ஹம்ஸினி இரண்டு நாள் விளையாடிவிட்டு மறந்துபோனாள். பாடம் நடத்தக் கணினியில் இடம் போதவில்லை என்று அதை அழிக்க உட்கார்ந்தார் ஜலஜா. அழிப்பதற்கு முன் என்னதான் இது என்று திறந்து பார்த்தார். முதல் கிராமத்தைத் தாண்டுவதற்குள் கொள்ளைக்காரர்கள் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எனக்குக் கோவம் வந்துடுச்சு. யாரோ ஒரு பொறுக்கி, கையில கட்டை வெச்சிருக்கான், என்னைக் கட்டி இழுத்துட்டுப் போறான். நான் இவனை விட்டுடுவேனா?" என்று அந்த நாளை எனக்கு விவரித்தார். விடவில்லை. அது நடந்து சில வருடங்கள் ஆகின்றன.

அவரோடு பேச உட்கார்ந்தால் அபிப்பிராயங்கள் வரிசையாக வந்து இறங்கும். வாளை எந்தப் பக்கம் வீசுகிறோமோ மவுஸை அந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பெரிய பெருமை. "பட்டனை அமுக்கினா ஆள் சாவறதெல்லாம் லிஃப்ட்டுல ஏறுற மாதிரி. இதுல கை வலிக்கும்." குதிரைக்கு எடை இருக்கிறது, சேற்றில் திணறுகிறது, அதுவும் நன்று. ஆனால் ராஜாக்கள் எல்லாருக்கும் ஒரே மூளை. எதிரி தலைநகரை முற்றுகை போட்டிருக்கும்போது விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். எல்லாக் கிராமத்திலும் ஒரே கிணறு, அதன் பக்கத்தில் ஒரே கோழி. "அந்தக் கோழியை நான் முப்பது ஊர்ல பார்த்திருக்கேன்."

இந்தக் குறைகளைச் சரிசெய்ய ஆட்டக்காரர்களே செய்து சேர்க்கும் மாற்றங்களுக்கு மாட் என்று பெயர். இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். "இன்னிக்கு எந்த மாடு?" என்று காலையில் காபியோடு வந்து கேட்பார் ஜெயச்சந்திரன். ஜலஜா ஒவ்வொன்றையும் ஏற்றிப் பார்த்து, பிடிக்காததை இரக்கமில்லாமல் கழற்றி எறிவார். டிராகன் வரும் மாட் அன்றைக்கே போனது. பெண் வீரர்களின் முகத்தை அழகாக்கும் மாட் ஒரு மணி நேரம் இருந்தது. "மூணு நாள் குதிரை மேல வெயில்ல வந்தவ மூஞ்சியா இது? கல்யாண ரிசப்ஷனுக்கு வந்தவ மாதிரி நிக்கறா." ஆட்டக்காரனுக்குச் சாவே வராமல் செய்யும் மாட்டைச் செய்தவரை நேரில் பார்த்தால் என்ன கேட்பதென்று முடிவு செய்து வைத்திருக்கிறார். படைக்குக் குடிதண்ணீர் சுமந்து போகவேண்டும் என்று தொல்லை கொடுக்கும் ஒரு மாட் மட்டும் எப்போதும் இருக்கும். "அவன்தான் யோசிச்சவன்."

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். நடந்ததை அழித்துப் பின்னால் போவது கிடையாது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் சண்டைக்கு முன்னால் சேமித்து வைத்துக்கொள்வார்கள். தோற்றால் அங்கிருந்தே மறுபடி தொடங்குவார்கள். ஜலஜா செய்யமாட்டார். தோற்றால் தோற்றதுதான். பிடிபட்டால் கைதியாகப் போவார். தப்பித்து வந்தால் ஒற்றைக் குதிரையோடு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருமுறை நான், வகுப்பில் நீங்கள் ரோல்பேக் சொல்லித் தருவதில்லையா, தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்புவதுதானே அது என்று கேட்டேன்.

"ஹவ், சொல்லித் தரேன். அது பேங்க்கோட டேட்டா. தப்பு பண்ணினா அடுத்தவனுக்கு நஷ்டம். இது என் தலை. என் தலைக்கு ரோல்பேக் நக்கோ."

போன வருடம் ஒரு புது மாட் வெள்ளோட்டத்துக்கு வந்தது. பெயர் தக்கனி தல்வார், அதாவது தக்காணத்து வாள். ஐரோப்பியக் கோட்டைகளை எடுத்துவிட்டு பதினேழாம் நூற்றாண்டுத் தக்காணத்தை வைத்திருந்தார்கள். கோல்கொண்டா, பீஜப்பூர், மராட்டியக் குதிரைப்படை, வடக்கிலிருந்து இறங்கிவரும் முகலாயப் பெரும்படை. ஜலஜா ஒரு வாரம் வேறு எதையும் தொடவில்லை. பிறகு இணையக் குழுவில் ஜேஜே அல்வால் என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். யானை நின்ற இடத்திலேயே திரும்புகிறது. யானை என்ன ஷேர் ஆட்டோவா? நிஜக் கோல்கொண்டாவில் வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்குமே, அதை மட்டும் அருமையாகச் செய்திருக்கிறீர்கள், அதை வைத்து எத்தனை நாள் சண்டை போடுவது? இப்படிப் பக்கம் பக்கமாக. குழுவில் இருந்தவர்கள் இது யாரோ ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி என்று முடிவுகட்டி மேஜர் சாப் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். அவரும் திருத்தவில்லை.

மாட்டைச் செய்தவர்கள் ஹைதராபாத்தில்தான் இருந்தார்கள். தலைவர் ஹர்ஷா, தெலுங்குக்காரர், தமிழ்ப் பாட்டியின் புண்ணியத்தில் தமிழும் பேசுவார். கூட்டாளி யோகேஷ் கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர். இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு, மேஜர் சாபைப் பார்க்க அல்வாலுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜெயச்சந்திரனைக் கண்டதும் ஹர்ஷா விறைப்பாக நின்று, "மேஜர் சாப், நமஸ்தே" என்றார். ஜெயச்சந்திரன் கத்தியால் உள்ளே காட்டினார்.

அன்றைக்கு நடந்த வாக்குவாதத்தில் பாதியை நான் மாடிப்படியில் நின்றும் மீதியை உள்ளே உட்கார்ந்தும் கேட்டேன். யானை, குதிரை எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. சிக்கல் ஒரு கதவில் வந்து நின்றது.

வரலாற்றில் கோல்கொண்டா மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு, உள்ளே இருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால் விழுந்தது. மாட்டிலும் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் கோட்டையை எவ்வளவு நன்றாகக் காத்தாலும் குறிப்பிட்ட நாளில் கதவு திறக்கும். கதவு திறக்கும் அந்தக் காட்சியை யோகேஷ் இரண்டு மாதம் உட்கார்ந்து செய்திருந்தார். தீப்பந்த வெளிச்சம், தாழ்ப்பாள் நகரும் ஓசை, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தது.

"காட்சி நல்லா இருக்குது. எடுத்துடுங்க" என்றார் ஜலஜா.

யோகேஷின் முகம் சுருங்கியது. "அக்கா, அதுதானுங்க நடந்துச்சு. ஹிஸ்டரிங்க."

"நடந்தது நடந்துச்சு, யாரு இல்லேன்றா? அப்ப நான் அங்க இல்ல. இப்ப இருக்கேன். நான் உள்ள இருக்கும்போதே கதவு தானாத் தொறக்கும்னா, நான் எதுக்கு? நீங்க படம் போட்டுக் காட்டுங்க, நான் முறுக்கு தின்னுட்டுப் பாக்கறேன்."

"அதில்லீங்க்கா. கதவு தொறக்கலைன்னா கோட்டை விழவே மாட்டேங்குது. ஓட விட்டுப் பார்த்தோம். வெளிய படை நிக்குது, நிக்குது, நின்னுட்டே இருக்குது. சப்புன்னு ஆயிருதுங்க."

ஜலஜா கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஏன் நிக்குதுன்னு பாத்தீங்களா? உள்ள இருக்கறவனுக்குப் பசியே இல்ல. மொத நாள் எவ்வளவு தானியம் இருந்துச்சோ அதே தானியம் கடைசி வரைக்கும் இருக்குது. எத்தனை மாசம் ஆனாலும் தீரல. தானியம் தீரணும். அப்பதான் கோட்டை கோட்டையா இருக்கும்."

ஹர்ஷா தலையைச் சொறிந்தார். "ஹவ் மேடம். அது பெண்டிங்ல இருக்கு."

"பெண்டிங்கை முடிங்க. கதவை எடுங்க. நான் காத்துக் காட்டறேன்."

ஹம்ஸினி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மா, நீக்கு இதி அவசரமா?" என்றாள். இது உனக்குத் தேவையா என்று அர்த்தம். ஜலஜா அவளைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர்கள் போனபின் ஜெயச்சந்திரன் சொன்னார்: "தானியம் தீராம இருந்தா உனக்குத்தான வசதி? நீயே எதுக்கு உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கற?" ஜலஜா வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே, "தீராத சோத்தைத் தின்னுட்டுக் கோட்டையைக் காத்தா அதுல என்ன மரியாதை இருக்குது?" என்றார்.

மாட்டை வெளியிடுவதற்கு முன் அமீர்பேட்டில், ஜூஸ் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் கேமிங் கஃபேயில் ஒரு செயல்விளக்கம் ஏற்பாடு செய்தார்கள். கதவுக் காட்சி இல்லாத, தானியம் தீரும் பதிப்பை எல்லார் முன்னிலையிலும் ஜலஜா ஆடவேண்டும். இணையத்திலும் நேரலை. ஆட்டம் சப்பென்று இருந்தால் யோகேஷின் கதவு திரும்ப வரும். நன்றாக இருந்தால் கதவு நிரந்தரமாகப் போகும். இதுதான் அவர்களுக்குள் பேச்சு. ஜலஜா பயிற்சி நிலையத்தில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை நான் கோல்கொண்டாவைக் காக்கறேன். வர்றவங்க வரலாம். திங்கக்கிழமை டெஸ்ட் இருக்குது, அது மாறாது."

விடுதிகளிலிருந்து அவருடைய மாணவர்கள் வந்து சுவரோரமெல்லாம் நின்றார்கள். டேட்டாபேஸ் மேடம் வாளெடுப்பதை நம்பாமல் வந்தவர்கள்தான் அதிகம். ஜெயச்சந்திரன் முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் நான். ஹம்ஸினி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஜலஜா அருமையாக ஆடினார். முதல் தாக்குதலில் ஏணிகளைச் சாய்த்தார். இரண்டாவதில் யானைகளை வாசலுக்கு வரும் குறுகலான வழியில் சிக்கவைத்தார். அவை இப்போது நின்ற இடத்தில் திரும்ப முடியாமல் தங்கள் படையையே மிதித்தன. கூட்டம் ஆரவாரித்தது. ஆட்டத்தின் நாட்கள் ஓடின. தானியம் குறைந்துகொண்டே வந்தது. வீரர்களின் பெயருக்கு எதிரே ஊக்கம் குறைவதைக் காட்டும் கோடு சுருங்கியது. பாதி வயிற்றுக்கு அளந்து கொடுத்தார். அப்போதும் போதவில்லை.

கோட்டைக்கு வெளியே, முகலாயப் படையின் பின்பக்கம், தானிய வண்டிகள் நின்றிருந்தன. ஜலஜா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள உக்காந்துட்டு அரிசியை எண்ணிட்டிருக்கறதுக்கு நான் ரேஷன் கடையா வெச்சிருக்கேன்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். யோகேஷ் பின்னாலிருந்து, "வேண்டாம்க்கா, வெளிய போகாதீங்க" என்றார். ஜலஜா குதிரைப்படையைக் கூட்டிக்கொண்டு பக்க வாசல் வழியே இறங்கினார்.

வண்டிகள் வரைக்கும் போய்விட்டார். நான்கைந்து வண்டிகளைக் கோட்டைப் பக்கம் திருப்பியும் விட்டார். திரும்பும் வழியில், புழுதிக்குள்ளிருந்து நீண்ட ஒரு ஈட்டி குதிரையின் மார்பில் இறங்கியது. குதிரை முன்னங்காலில் மடிந்து விழுந்தது. ஜலஜா எழுந்து நின்று மவுஸை இடமும் வலமும் இழுத்து மூன்று பேரைச் சாய்த்தார். அவர்களுக்குப் பின்னால் முப்பது பேர் இருந்தார்கள். திரை கறுத்தது. நீங்கள் பிடிபட்டீர்கள் என்று எழுத்து வந்தது.

வரைபடம் திறந்தது. அதில் கைதியாகிவிட்ட ஜலஜா ஒரு சிறு புள்ளியாக எதிரிப் பாசறையோடு நகர்ந்துகொண்டிருந்தார். கோட்டைக்குள் தலைவர் இல்லை, தானியமும் வந்து சேரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு செய்தி: கோல்கொண்டாவின் காவல்படை பசி தாங்காமல் வாசலைத் திறந்து சரணடைந்தது.

அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஹர்ஷா செய்தியை இரண்டு முறை படித்தார். பிறகு யோகேஷைப் பார்த்தார். "ரேய், கதவை நாம ஓப்பன் பண்ணலியே. அவங்களே பண்ணாங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தன் இரண்டு மாத உழைப்பு அங்கேயே முடிந்துபோனது என்று யோகேஷுக்கும் புரிந்திருந்தது. ஆனாலும் அவர் கண் திரையை விட்டு நகரவில்லை.

"சீன் வேணாம்" என்று கடைசியில் யோகேஷ் சொன்னார். "இதே இருக்கட்டும்."

ஜலஜா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன. காத்துக் காட்டுகிறேன் என்று அத்தனை பேரிடமும் சொன்னவர். ஜெயச்சந்திரன் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, வகுப்பறைக் குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வண்டியை எடுத்தது சரி. திரும்பி வந்த வழி தப்பு. போன வழியிலயே வந்தேன். அங்க அவன் காத்துட்டிருப்பான்னு தெரிஞ்சிருக்கணும். தப்பு என்னுது, ஆட்டத்துல தப்பு இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "மேடம், லோட் பண்ணுங்க மேடம்" என்றான். அடுத்தவனும் சொன்னான். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தானாகவே சேமித்து வைத்திருப்பதை ஏற்ற ஒரு விசை உண்டு; அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும், பக்க வாசல் வழியே இறங்குவதற்கு முந்தைய நிமிடத்துக்கு ஆட்டம் திரும்பிவிடும். குதிரை உயிரோடு இருக்கும். கோட்டை இருக்கும். ஹம்ஸினி சுவரோரத்திலிருந்து நகர்ந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

ஜலஜா வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தார். கைதிகளின் வரிசை வடக்கே போய்க்கொண்டிருந்தது. இரவு முகாமில் காவல் தளர்ந்தபோது தப்பிக்க முயலலாமா என்று ஆட்டம் கேட்டது. ஆமாம் என்றார். முதல் முறை பிடித்துவிட்டார்கள். இரண்டாம் முறை தப்பினார். வரைபடத்தில் ஒற்றைப் புள்ளி, படை இல்லை, கையில் வாள்கூட இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு கிழட்டுக் குதிரை கிடைத்தது. மாணவர்களில் சிலர் சாப்பிடக் கிளம்பினார்கள். கிளம்பியவர்களில் சிலர் படியிலிருந்து திரும்பி வந்தார்கள்.

யோகேஷுக்குத்தான் மனம் கேட்கவில்லை. குனிந்து, "அக்கா, அந்தக் கோட்டையை நீங்க காத்திருப்பீங்கக்கா. எல்லாரும் பார்த்தோம். ஒரே ஒரு தடவை, எங்களுக்காக" என்று சொல்லிக்கொண்டே, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி விசைப்பலகையில் லோட் விசையைத் தொடப் போனார்.

ஜலஜா முந்திக்கொண்டார். புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையை விசையின் அடியில் கொடுத்து நெம்பினார். விசை டப்பென்று கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை யோகேஷின் சட்டைப் பையில் போட்டு, பைமேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கிழட்டுக் குதிரையைத் தெற்கே, கோல்கொண்டாப் பக்கம் திருப்பினார்.